அரைக்காசு அம்மனும் ஆபரேஷன் அறையும்

திருக்கோகர்ணத்துப் பிரகதாம்பாளுக்கு அரைக்காசு அம்மன் என்று ஒரு பெயர் உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரி தானத்தின்போது அரிசியோடு அம்மன் காசு என்னும் சிறு செப்புக் காசும் கொடுக்கப்பட்டு வந்ததால் அந்தப் பெயர் வந்தது. 1948-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்து விட்டது. காசும் செல்லாக் காசாகி விட்டது. ஆனால் அம்மன் பெயர் மாத்திரம் இன்னும் செல்லுபடியாகிக் கொண்டிருக்கின்றது. எப்படியென்றால், வீட்டில் சாவி காணோம், மோதிரம் காணோம், ஆட்டுக்குட்டி காணோம் என்றால், அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைப்பதாக வேண்டிக் கொண்டால் அகப்பட்டு விடும் என்பது ஜனங்களின் நம்பிக்கை. சாவி அகப்பட்டால் அம்மன் மகிமை. அகப்படாவிட்டால் நம் தலைவிதி. இரண்டிலும் வெல்ல வியாபாரிக்கு நஷ்டமில்லை.

சாவி போனால் பூட்டை உடைத்துக் கொள்ளலாம். அதைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலையில்லை. நாம் கேட்பது வேறொன்று. ஒருவருக்குத் தொடையெலும்பு முறிந்து, சதையைக் கீறி எலும்பைச் சேர்த்து, தையல் போடுகின்ற சமயத்தில், இரத்தம் ஒற்றிய துணியில் ஒன்று காணவில்லை என்று வைத்துக் கொள்வோம். அப்போது வெல்லம் வேண்டிக் கொண்டு தைத்து விடலாமா? உள்ளே தங்கிய துணி சீழ் வைத்து ஆளையே கொன்று விடுமே!

ஆபரேஷன் அறையில் இதற்கு ஒரு முறை இருக்கின்றது. கத்தி வைப்பதற்கு முன்னால் இரண்டு பேர் சேர்ந்து, வாய்விட்டுச் சொல்லி, துணி இத்தனை, ஊசி இத்தனை, கருவி இத்தனை என்று எண்ணி எழுதி வைக்கின்றார்கள். காயத்தை மூடுவதற்கு முன் ஒரு தரம், தோலைத் தைக்கும்போது ஒரு தரம் மறுபடியும் எண்ணுகின்றார்கள். ஒன்று குறைந்தால் டாக்டர் எவ்வளவு பெரியவரானாலும் கையை நிறுத்தித் தேட வேண்டும். தேடியும் காணாவிட்டால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்கென்றே அந்தத் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியும்படியான ஓர் இழை வைத்து நெய்திருக்கின்றது. “கணக்குச் சரியில்லை, மூடாதீர்கள்” என்று சொல்லும் அதிகாரம் அங்கே நிற்கும் நர்சுக்கு உண்டு. காணாமற்போன பொருளைக் கண்டுபிடிக்கும் உண்மையான தெய்வம் அங்கே கணக்குத்தான்.

நாம் இங்கே சொல்ல வந்த விஷயம் இதுதான். கத்தி போட்டு வைத்தியம் செய்து கொண்டவன் பிழைப்பதும் சாவதும் தலையெழுத்தல்ல. கத்திக்கு முன்னும், கத்தியின்போதும், கத்திக்குப் பின்னும் அவனைக் காக்கின்ற அறிவு ஒன்று இருக்கின்றது. அது படித்து வரக்கூடிய அறிவு, சொல்லிக் கொடுக்கக்கூடிய அறிவு. அதில் பெரும் பங்கு நர்சுகளிடம் இருக்கின்றது. நம் ஜனங்களோ உயிர் பிழைத்ததும் மொட்டையை அம்மனுக்கும், மாலையை டாக்டருக்கும், அதிகாரத்தையும் அலட்சியத்தையும் நர்சுக்கும் கொடுத்து விட்டு வருகின்றார்கள்.

நம் ஜில்லாவின் சங்கதியையே எடுத்துக் கொள்வோம். வாடிவாசல்களுக்குப் பெயர் போன ஜில்லா இது. மாடு தூக்கி எறிந்தும், மோட்டார் சைக்கிளில் விழுந்தும் எலும்பு முறிந்தவர்கள் இங்கே கொஞ்சமல்ல. எலும்பு முறிந்தவுடன் ராகுகாலம் போகட்டும் என்று காத்திருப்பதும், எவரோ ஒருவரிடம் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிக் கொள்வதும் நடக்கின்றன. இறுகிய கட்டுக்குள் வீக்கம் அதிகமாகி, சதைக்கு இரத்தம் எட்டாமற் போனால், சுமார் ஆறு மணி நேரத்துக்குள் சதையும் நரம்பும் மீளமுடியாதபடி கெட்டுப் போகக் கூடும். ஆஸ்பத்திரியில் போட்ட மாவுக்கட்டிலும், ஆபரேஷனுக்குப் பிறகும் இந்த ஆபத்து உண்டு.

ஆகவேதான் நர்ஸ் மணிக்கு மணி வந்து விரலைத் தொட்டுப் பார்க்கின்றார். நகத்தை அழுத்தி விட்டு இரண்டு விநாடிக்குள் சிவப்புத் திரும்புகின்றதா என்று பார்க்கின்றார். விரல் சில்லென்றிருக்கின்றதா, மரத்திருக்கின்றதா, தானாக அசைகின்றதா என்று கேட்கின்றார். முக்கியமாக, மருந்து கொடுத்தும் அடங்காத வலியா, விரலை நீட்டி விட்டால் உயிர் போகும் வலியா என்று கவனிக்கின்றார். நாடி ஓடுகின்றதே, ஆகையால் பயமில்லை என்று அவர் இருந்து விடுவதில்லை. ஏனென்றால் நாடி நிற்பது கடைசியில்தான். அதற்குள் சதை செத்து விடும். “எலும்பு உடைந்தால் வலிக்காதா, பொறுத்துக் கொள்” என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லும் ஆறுதலைக் கேட்டுப் பேசாமல் இருப்பவன் காலை இழக்கின்றான். வலியைச் சொல்லுகின்றவன் காலைக் காப்பாற்றிக் கொள்ளுகின்றான்.

கழுத்தில் ஆபரேஷன் செய்தவர்களின் சங்கதி இன்னும் நுட்பமானது. தைராய்டு வீக்கத்தை எடுத்த பிறகு உள்ளே இரத்தம் கசிந்து தேங்கினால், அது மூச்சுக் குழாயை நெரித்து, சில நிமிஷங்களில் உயிரை வாங்கி விடும். ஆதலால் கட்டு இறுகுகின்றதா, குரல் மாறுகின்றதா, மூச்சில் சத்தம் வருகின்றதா என்று நர்ஸ் பார்த்துக் கொண்டே இருக்கின்றார். தையலை அவிழ்க்கும் கருவிகள் கட்டிலருகிலேயே தயாராக வைக்கப்பட்டிருக்கும். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தவருக்கோ சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். உட்குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். மூக்கு வழியாக வராத காற்றுக்கு ஈரம் கொடுக்க வேண்டும். மாற்றுக் குழாய் ஒன்று தலைமாட்டில் இருக்க வேண்டும். அவரால் பேச முடியாது. ஆகவே ஒரு மணியும், ஒரு சிலேட்டும் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். ஊமையாகிப் போனவனின் கைக்கு மணியைக் கொடுப்பதும் வைத்தியந்தான். ஆனால் கோயில் மணிக்குக் கொடுக்கும் மரியாதையில் கால் பங்கையாவது இந்த மணிக்கு யார் கொடுக்கின்றார்கள்?

இனி பேய்களின் சங்கதிக்கு வருவோம். தைராய்டு ஆபரேஷன் ஆன மறுநாளோ மூன்றாம் நாளோ சிலருக்கு உதடும் விரலும் மதமதக்கும். பிறகு விரல்கள் தாமாகவே கோணிக் கொண்டு இழுக்கும். பார்த்த பாட்டி, “காத்துக் கருப்பு அடித்து விட்டது” என்பாள். தைராய்டை ஒட்டியுள்ள சிறு சுரப்பிகளுக்குச் சேதமுண்டாகி, இரத்தத்தில் கால்சியம் குறைந்ததால் வந்த இழுப்பு அது. கால்சியம் ஏற்றினால் அந்தப் பேய் ஓடிப் போகின்றது. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன கிழவர் இரவிலே செத்துப் போன தமையனோடு பேசுவார், கட்டிலை விட்டு இறங்கி ஓடப் பார்ப்பார். உடனே விபூதிக்கு ஆள் போகும். நர்ஸோ மூத்திரம் கட்டியிருக்கின்றதா, மூச்சில் பிராணவாயு குறைந்திருக்கின்றதா, வலி அடங்கவில்லையா, ஜுரமா, எந்த மருந்து ஒத்துக் கொள்ளவில்லை, மூக்குக் கண்ணாடி எங்கே என்று ஒவ்வொன்றாய்த் தேடுகின்றார். காரணத்தைத் தேடுகின்றவரிடம் பேய் நிற்பதில்லை. மந்திரிக்கப் போகின்ற நேரத்தில் நோய் முற்றிப் போகின்றது.

இந்த அறிவு ஆகாயத்திலிருந்து யாருக்கும் அருளப்பட்டதல்ல. மேல் நாட்டிலும் ஒரு காலத்தில், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்து விட்டால் காலை வெட்ட வேண்டும், அல்லது ஆள் சாக வேண்டும் என்றுதான் இருந்தது. 1865-ல் கிளாஸ்கோ நகரில் வண்டிச் சக்கரம் ஏறிக் காலொடிந்த 11 வயதுப் பையனின் புண்ணுக்கு, லிஸ்டர் என்ற டாக்டர் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியை வைத்துக் கட்டினார். கால் பிழைத்தது. புண் சீழ் பிடிப்பது கிருமியால்தான் என்பதை அவர் 1867-ல் எழுதி வெளியிட்டார். தைராய்டு ஆபரேஷனும் அப்படித்தான். ஒரு காலத்தில் டாக்டர்களே கை வைக்க அஞ்சிய அதை, சுவிட்சர்லாந்தின் கோகர் என்பவர் சுத்தத்தாலும், நிதானத்தாலும், இரத்தத்தைக் கட்டுவதாலும், நூற்றுக்கு ஒருவர்கூடச் சாகாத நிலைக்குக் கொண்டு வந்தார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2008-ல் உலக சுகாதார ஸ்தாபனம் ஒரு சிறு பட்டியலை வெளியிட்டது. நோயாளியின் பேர் என்ன, எந்தப் பக்கம், எந்த ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக் கொள்ளாது, எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டியதுதான் அதிலுள்ள வேலை. புது டில்லி உட்பட எட்டு நகரங்களில் இதைப் பரீட்சித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்ததாக 2009-ல் வெளிவந்தது. கேள்வி கேட்டதனால் உயிர் பிழைத்தது! கேள்வி கேட்டால் பாவம் என்று சொல்லுகின்றவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இனி நோயாளியின் வீட்டார் செய்கின்ற காரியங்களையும் பார்க்க வேண்டும். மயக்க மருந்துக்கு முன் ஆறு மணி நேரம் ஆகாரம் கூடாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போவார். “பிரசாதம் ஆகாரமாகுமா?” என்று சொல்லி, ஒரு கவளம் பொங்கலை ஊட்டி விடுவார்கள். வயிற்றிலிருப்பது மயக்கத்தில் மேலே வந்து நுரையீரலில் இறங்கினால், அது பிரசாதமா பழஞ்சோறா என்று நுரையீரல் பார்ப்பதில்லை. உடைந்த கையில் மந்திரித்த கயிறும், வீங்கும் விரலில் ராசிக்கல் மோதிரமும் இருக்கும். எடுக்கச் சொன்னால் சண்டை. கழுத்தில் ஆபரேஷன் செய்ய வேண்டிய ஸ்திரீயின் தாலியைக் கழற்றச் சொன்னாலோ, புருஷனுடைய ஆயுளுக்குக் கேடு என்று அழுகை. நாம் கேட்கின்றோம்: ஒரு கயிற்றுக்காகக் கழுத்தையே பணயம் வைப்பதா? புருஷனின் உயிர் அவள் கழுத்தில் தொங்குகின்றது என்றால், அவளுடைய உயிர் எவன் கழுத்தில் தொங்குகின்றது? உயிரைக் காக்கும் அறிவு முன்னே வந்து நிற்கும்போது, கயிறு பின்னே போக வேண்டியதுதான் நியாயம்.

இத்தனை அறிவுள்ள வேலையை நம் சமூகம் எப்படி மதித்தது? அந்நிய ஆணின் உடம்பைத் தொடுவதும், மலமூத்திரம் எடுப்பதும் ஈனத் தொழில் என்று மேல் ஜாதியார் ஒதுங்கி நின்றார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ல் நர்சுப் பள்ளி தொடங்கிய பிறகும் நெடுங்காலம் இந்த ஏளனம் போகவில்லை. அதே காலத்தில் இதே நாட்டில், சிறு பெண்ணைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது மாத்திரம் தெய்வ கைங்கரியமாக இருந்தது! பெண்ணை விற்பது புண்ணியம். பெண் நோயாளியைத் தொடுவது பாவம். இதைவிடத் தலைகீழான தர்மம் வேறெங்கேயாவது உண்டா?

அந்தத் தர்மத்துக்குப் பதில் சொன்னவரும் புதுக்கோட்டையிலிருந்துதான் வந்தார். 1886-ல் இங்கே பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் தாயார், பொட்டுக் கட்டும் வழக்கத்துக்கு ஆளான சமூகத்தைச் சேர்ந்தவர். ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்கக் கூடாதென்று ஆட்சேபம் கிளம்பியது. அதைத் தாண்டிப் படித்து, 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டரானார். சென்னை சட்டசபையில் புகுந்து பொட்டுக் கட்டுவதை எதிர்த்துப் போராடினார். 1947-ல் அதைத் தடுக்கும் சட்டம் வந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அந்த அம்மையாரின் முயற்சியால்தான் 1954-ல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கியது. வெற்றிலையோடு புகையிலையை அடக்கி வாயையும் தாடையையும் புற்றுக்குக் கொடுத்த ஏழைகள் எத்தனையோ பேர் அங்கே போய் மீண்டிருக்கின்றார்கள். அவர்கள் வாய் திறந்து சோறு உண்பதற்கு டாக்டரின் கத்தி எவ்வளவு காரணமோ, மூக்கு வழியே குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றிய நர்சின் கையும் அவ்வளவு காரணம்.

புதுக்கோட்டையில் 2017-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி வந்திருக்கின்றது. கட்டிடம் எழும்பினால் மாத்திரம் போதாது. மணிக்கு மணி விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால், பார்ப்பதற்குப் போதுமான நர்சுகள் வேண்டும். ஒரு நர்சின் தலையில் ஒரு வார்டு முழுவதையும் சுமத்தி விட்டு, “கவனிக்கவில்லை” என்று சண்டை பிடிப்பது நியாயமாகாது. தொகுப்பூதியத்தில் வருஷக் கணக்காக வைக்கப்பட்ட நர்சுகள், நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததை இந்த நாடு பார்த்திருக்கின்றது. அர்ச்சனைத் தட்டுக்குப் போடும் காசைக் கணக்குப் பார்க்காத ஜனங்கள், அவர்களுடைய சம்பளத்துக்கு மாத்திரம் கணக்குப் பார்ப்பது வெட்கக் கேடு.

ஆதலால் நாம் சொல்வது இவ்வளவுதான். ஆபரேஷனுக்குப் போகின்றவர்கள் நல்ல நேரம் பார்ப்பதை விட்டு, நர்ஸ் சொல்லும் நேரத்தைப் பார்க்கட்டும். தின்றதையும், குடித்ததையும், புகையிலைப் பழக்கத்தையும், வலியையும் ஒளிக்காமல் சொல்லட்டும். கயிற்றையும் மோதிரத்தையும் வீட்டிலேயே வைத்து விட்டு வரட்டும். பெண்ணைப் பெற்றவர்களும், ஆணைப் பெற்றவர்களுங்கூட, தங்கள் பிள்ளைகளை இந்தப் படிப்புக்குத் தைரியமாக அனுப்பட்டும். நர்சுகளின் எண்ணிக்கையையும் சம்பளத்தையும் உயர்த்தச் சொல்லி, ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களை ஒவ்வொரு ஊரிலும் நிறுத்திக் கேட்கட்டும். பிழைத்து வீடு திரும்பும்போது, இரவெல்லாம் தூங்காமல் தன் விரலைத் தொட்டுப் பார்த்தவரின் பெயர் என்ன என்றாவது தெரிந்து கொண்டு வரும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.