பீரங்கிப் பெட்டியும் நம் கல்லாப் பெட்டியும்



மளிகை மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட நாம், இம்முறை பருப்பு விலையைப் பற்றியோ வரியைப் பற்றியோ எழுதவில்லை. ஒரு பொம்மைப் பீரங்கியைப் பற்றி எழுதுகிறோம். "அண்ணாச்சிக்கு இந்த வயதில் என்ன ஆயிற்று?" என்று சிரிக்க வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலி வந்து நாம் 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். வீடு திரும்பிய பிறகும் இரண்டு மாதம் கடைப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத நாம் வீட்டில் எல்லோர் மீதும் எரிந்து விழுந்துகொண்டிருந்தோம். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து, "தாத்தா, இதை ரெண்டு பேரும் சேர்ந்து செய்யலாம்" என்றான்.

பெட்டிக்குள் இருந்தது, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவம் பயன்படுத்திய '25 பவுண்டர்' பீரங்கி. 35இல் ஒரு பங்கு அளவில், துண்டு துண்டாக. பெயரிலேயே எடை இருந்ததால் நமக்கு உடனே பிடித்துப்போயிற்று. அது எறியும் குண்டு 25 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 11.3 கிலோ. 12 கிலோமீட்டர் தூரம் வரை போகும். 1942 அக்டோபரில் எகிப்தில் எல் அலமெய்ன் சண்டை தொடங்கிய இரவில் முழங்கிய ஏறத்தாழ 900 பீரங்கிகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். நம் இந்திய ராணுவமும் அந்தப் போரிலும், சுதந்திரத்துக்குப் பிறகு பல ஆண்டுகளும் இதை வைத்திருந்தது.

பேரனிடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினோம். நீளம் 35இல் ஒன்று என்றால் எடையும் 35இல் ஒன்று ஆகாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால் 42,875இல் ஒரு பங்கு ஆகிவிடும். அந்த 11.3 கிலோ குண்டை அதே உலோகத்தில் இந்த அளவுக்குச் செய்தால் கால் கிராம், அதாவது இரண்டு குன்றிமணி எடைதான் இருக்கும். குழாயின் வாய் இரண்டரை மில்லிமீட்டர். கடுகுக்கும் மிளகுக்கும் இடைப்பட்டது. தராசு பிடித்த கைக்கு இது சுவையான கணக்கு அல்லவா?

நண்பர் ஒருவர், "மனிதரைக் கொன்ற கருவியைப் போய்ச் செய்கிறீர்களே" என்று வருத்தப்பட்டார். நியாயமான கேள்வி. அந்தப் போரில்தான் 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து, பர்மா அரிசி வரத்து நின்றது. 1943இல் வங்காளத்தில் லட்சக்கணக்கானவர்கள் பஞ்சத்தில் மாண்டார்கள். தானியம் விற்கும் நாம் அதை மறக்கக்கூடாது. போரைப் போற்ற நாம் இதைச் செய்யவில்லை. பேரனுக்கு அந்தக் கதையையும் சேர்த்தே சொன்னோம்.

வேலை தொடங்கியது. துண்டுகள் எல்லாம் பிளாஸ்டிக் காம்புகளில் காய்த்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. நறுக்கி எடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டாமல் ஒருமுறை பொருத்திப் பார்த்து, பிறகுதான் பசை போட வேண்டும். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒன்றாக்கிவிடும். பிறகு பிரிக்க முடியாது. பெட்டியோடு வந்த செய்முறைத் தாளைப் பேரன் விரித்து வைத்தான். "பீரங்கி என்றால் ஒரு குழாய், இரண்டு சக்கரம், இதற்கு என்ன தாள்?" என்று நாம் சக்கரங்களை முதலில் ஒட்டிவிட்டோம். அப்புறம் நடுவில் நிற்க வேண்டிய கேடயத் தகடு நுழைய வழியில்லை. "சக்கரம் கடைசியிலதான் தாத்தா" என்றான் பேரன். பிளேடால் அறுத்து மறுபடியும் செய்தோம்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. சக்கரத்தை நினைத்து அல்ல, அந்தத் தாளை நினைத்து. பீரங்கியைக் கண்ணால் பார்த்திராத ஒரு பள்ளிப் பையன், எண்களைப் பார்த்துப் பார்த்து அதைச் செய்துவிடுகிறான். நாம் நாற்பது ஆண்டுகளாகக் கட்டிய கடைக்கு அப்படி ஒரு தாள் உண்டா?

இல்லை. அந்த 11 நாளில் நடந்ததை வெட்கத்தை விட்டுச் சொல்கிறோம். நம் மகன் 18 ஆண்டுகளாகக் கடையில் இருக்கிறான். சரக்கு பிடிப்பான், இறக்குவான், பில் போடுவான். ஆனால் காசோலையில் கையெழுத்து நம்முடையது மட்டுமே. அதனால் வந்த சீனி லோடு இறங்காமல் திரும்பிப் போயிற்று. 20ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கு கட்ட வேண்டும், ஓ.டி.பி. வந்ததோ ஆஸ்பத்திரியில் பூட்டிக் கிடந்த நம் செல்போனுக்கு. கிராமத்துக் கடைக்காரர்களுக்குக் கொடுத்த கைக்கடன் பாதி நோட்டில், பாதி நம் தலையில். இரண்டு பேர் "அப்பாவிடம் அப்போதே கொடுத்துவிட்டோம்" என்று சொல்லிப் போனார்கள். ஒருவர் மட்டும், எந்தக் கணக்கிலும் இல்லாத பாக்கியைத் தாமே கொண்டுவந்து கட்டினார். மகன் நம்மைக் கோபிக்கவில்லை. "நீங்க சொல்லவே இல்லையேப்பா" என்றான். நெஞ்சுவலியை விட அது வலித்தது.

அந்தப் பீரங்கிக்கு 6 பேர். முதல்வர் கட்டளையிடுவார். ஒருவர் குண்டு வைக்கும் வாயைத் திறந்து மூடுவார், ஒருவர் குறி பார்த்துச் சுடுவார், ஒருவர் குண்டை உள்ளே வைப்பார், மற்ற இருவர் குண்டுகளை எடுத்துத் தருவார்கள். ஆள் குறைந்தாலும் பீரங்கி நிற்காதபடி ஒருவர் வேலையை இன்னொருவர் பழகியிருப்பார். முதல்வர் விழுந்தால் பொறுப்பேற்பவர் யார் என்பதும் முன்கூட்டியே முடிவானது. நம் கடைகளில் முதல்வரே குண்டு தூக்குகிறார், அவரே குறி பார்க்கிறார், அவரே சுடுகிறார். அவர் படுத்தால் எல்லாம் படுத்துவிடுகிறது.

"எல்லாவற்றையும் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டால் நம்மை யார் மதிப்பார்கள்?" என்ற பயம் நம்மில் பலருக்கு உண்டு. நமக்கும் இருந்தது. ஆனால் குண்டு தூக்காததால் எந்த முதல்வருக்கும் மரியாதை குறைந்ததில்லை. பூட்டி வைத்த விவரத்தால் வருவது மரியாதை அல்ல, தவிப்புதான்.

ஆகவே நாம் செய்ததைச் சொல்கிறோம். ஒரு தடித்த நோட்டுப் போட்டோம். யாரிடம் வாங்குகிறோம், எத்தனை நாள் தவணை, யாருக்கு எவ்வளவு வரை கடன் கொடுக்கலாம், வாடகை ஒப்பந்தம், காப்பீடு, வரிக் கணக்கு விவரம் எல்லாம் வரிசையாக எழுதினோம். வங்கியில் மகனுக்கும் கையெழுத்து உரிமை கொடுத்தோம். கணக்கு பார்க்கத் தெரிந்த மருமகளிடமும் நோட்டைக் காட்டினோம். மாதத்தில் ஒரு வாரம் கடைக்குப் போவதில்லை. எது தடுமாறுகிறதோ அதை நோட்டில் சேர்க்கிறோம். ஒட்டுவதற்கு முன் பொருத்திப் பார்ப்பது போலத்தான் இதுவும்.

பீரங்கி இப்போது கல்லாவுக்கு மேலே கண்ணாடி அலமாரியில் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் ஒரு சக்கரத்தில் பிளேடு பட்ட தழும்பு தெரியும்.

மளிகைக் கடையோ மண்டிக் கடையோ, சிறிதோ பெரிதோ, அடுத்த புதுக்கணக்கு நாளில் கணக்கு நோட்டோடு இன்னொரு நோட்டையும் சாமி முன்னால் வையுங்கள். அதிலும் பிள்ளையார் சுழி போட்டு, அன்றைக்கே ஒரு பக்கமாவது எழுதிவிடுங்கள்.