சர்க்கரைக்கு வரி போட்டால் சுதந்திரம் போய்விடுமா?

2025 செப்டம்பர் 22 முதல் கோலா பாட்டிலுக்கு 40 சதவீத ஜி.எஸ்.டி. அதே நாளில்தான் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீமுக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆக இறங்கியது. சர்க்கரை மேல் அரசுக்குக் கோபமா, பாசமா? ஒண்ணும் புரியலை.

'நான் என்ன சாப்பிடணும்னு அரசாங்கம் ஏன் சொல்லணும்?' என்று கேட்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஃபில்டர் காபிக்கு எத்தனை ஸ்பூன் என்பது குடிப்பவர் பாடு. நியூயார்க் மேயராக இருந்த மைக்கேல் ப்ளூம்பெர்க் 2012-ல் கொண்டுவந்த விதி, உணவகங்களில் 16 அவுன்ஸுக்கு மேற்பட்ட கப்பில் இனிப்பு பானம் விற்கத் தடை போட்டது. ஆனால் ரெண்டு சின்ன கப்பாக வாங்கிக் குடித்தால் யாரும் கேட்க முடியாது. 2014-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சரியான முடிவுதான்.

ஆனால், எல்லாக் கட்டுப்பாடும் இப்படி வாங்குபவரின் கையைப் பிடிப்பதில்லை. பிரிட்டனைப் பாருங்கள். 2018 ஏப்ரலில் அங்கே வந்த வரி, கம்பெனிகள் மீதானது. தொடக்கத்தில் 100 மில்லியில் 5 கிராம் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமை எட்டினால் 24 பென்ஸ் என்று இருந்தது. வரி அமலுக்கு வரும் முன்பே பல கம்பெனிகள் சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. ஸ்காட்லாந்தின் செல்லப் பானமான 'அயர்ன் ப்ரூ'வின் ரசிகர்கள் பழைய பாட்டில்களைப் பதுக்கி வைத்தது தனிக் கதை! வழக்கமான கோலா இன்றும் அங்கே கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்க யாருக்கும் தடையில்லை.

நம் 40 சதவீதம் அப்படி வேலை செய்யாது. முழு சர்க்கரை போட்ட கோலாவுக்கும், 'ஜீரோ' கோலாவுக்கும் ஒரே வரி. அப்புறம் எந்தக் கம்பெனி சர்க்கரையைக் குறைக்கும்? சும்மா விலை ஏறும், கஜானா நிறையும். கிராம் கணக்கில் வரி போட்டால்தான் அர்த்தம் உண்டு.

சுதந்திரம் பேசுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது லேபிளைத்தான். தெரியாமல் தேர்ந்தெடுப்பது என்ன தேர்வு? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் வரை, முடிந்தால் 25 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 300 மில்லி கோலா ஒன்றிலேயே 30 கிராம் தாண்டிவிடுகிறது. 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்ன நாடு இது. இங்கே அந்த எண் பாக்கெட்டின் பின்பக்கம், எறும்பு எழுத்தில் இருக்கிறது.

சிலி நாட்டில் 2016 முதல் பாக்கெட்டின் முன்பக்கமே 'சர்க்கரை அதிகம்' என்று கறுப்பு எண்கோண முத்திரை. இந்தியாவின் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2022-ல் முன்வைத்ததோ நட்சத்திர மதிப்பீடு. கொஞ்சம் நட்ஸ், கொஞ்சம் நார்ச்சத்து சேர்த்தால் சர்க்கரையின் பாவம் கழியும் கணக்கு அது. டிரான்ஸ்ஃபார்மரில் மண்டையோடு வரைய வேண்டிய இடத்தில் ஸ்மைலி ஒட்டுவது மாதிரி!

2025-ல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரை பலகை' வைக்கச் சொன்னது. எதில் எவ்வளவு சர்க்கரை என்று பிள்ளைகள் அதில் படிக்கலாம். படித்துவிட்டு கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடைக்கு வந்தால், 10 ரூபாய் பாக்கெட்டின் முன்பக்கத்தில் ஒரு கார்ட்டூன் பொம்மைதான் சிரிக்கிறது.