கண்ணப்பர் பெயரால் வேட்டையோ? - ஒரு மறுப்பு

கனடா தேயத்தின் மேலைக் கோடியாகிய பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்திற் குடியேறி வாழும் சைவ அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு திருமுகம் விடுத்துள்ளார். தாம் அந்நாட்டு மலையாட்டு வேட்டையைப் புதிதாகத் தொடங்கக் கருதியுள்ளார் என்றும், அதற்கு அரசினர் விதித்த பயிற்சியை முடித்துத் தேர்விலும் தேறிவிட்டார் என்றும், வேட்டை சைவத்துக்கு மாறன்று என்பதற்குக் கண்ணப்ப நாயனாரே சான்று என்றும் எழுதி, நம் உடன்பாட்டை வேண்டுகின்றார். அவர் ஒருவரே இங்ஙனம் கருதுவாராயின் தனித் திருமுகத்தால் விடை கூறி அமைவோம். கொலை புலை பற்றிய பேச்செழும்போதெல்லாம் நாயனாரை முன்னே நிறுத்தித் தாம் பின்னே ஒளிந்துகொள்ளும் வழக்கம் இக்காலத்துப் பலர்பாலும் பெருகிவிட்டமையின், ஈண்டு வெளிப்பட எழுதலானோம்.

முதற்கண் அவ்வேட்டை இன்னதென்று அறிதல் வேண்டும். அம்மலையாடு வெண்ணிற மயிரும் கரிய குறுங்கொம்பும் உடையது; பெயரால் ஆடாயினும் ஆட்டினத்தின் நேர்ப்பிரிவன்று என்பர் விலங்கு நூலார். உலகிலுள்ள இவ்விலங்குகளில் ஏறத்தாழப் பாதி அம்மாகாணத்து மலைகளிலேயே வாழ்கின்றன. ஓநாயும் கரடியும் எட்டாத செங்குத்துப் பாறைகளே அவற்றுக்கு அரண். அவ்வரணுக்குள் இருப்பதனைத் தொலைநோக்கிக் கண்ணாடியாற் கண்டு, நெடுந்தொலைவிலிருந்து துப்பாக்கியாற் சுட்டு வீழ்த்துவதே வேட்டையாம். குண்டுபட்ட விலங்கு பாறை விளிம்பினின்றும் உருண்டு பல நூறடி ஆழத்தில் வீழ்ந்து சிதைதலும் உண்டு. அதனால், எடுத்துவரத்தக்க இடத்தில் அது நிற்குமளவும் சுடாது காத்திருக்க என்று புதியார்க்குக் கற்பிக்கின்றனர்.

இன்னும் ஒன்று. இவ்வினத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்புண்டு. ஆணின் கொம்பு அடியிற் பருத்தும், பெண்ணின் கொம்பு மெலிந்து நுனியில் வளைந்தும் இருக்கும்; சேய்மையிற் காண்பார்க்கு இவ்வேறுபாடு புலனாதல் அரிது. பெண்ணோ பெரும்பாலும் 4 அல்லது 5 ஆண்டு நிரம்பிய பின்னரே ஈனும்; அதுவும் ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரே குட்டி. பெண்ணொன்று மடியின் கூட்டம் ஈடுசெய்ய நெடுங்காலம் வேண்டுமாதலின், ஆணையே சுடுக என்று அந்நாட்டு அதிகாரிகள் வேட்டையாடுவாரை வேண்டிக்கொள்கின்றனர்.

இனி அன்பர் காட்டும் சான்றை நோக்குவாம். திண்ணனாரின் கன்னி வேட்டையில் வேடர்கள் யானைக் கன்றைத் தொடர்ந்திலர், சிறு குருளைகளைக் கொன்றிலர், சூல்கொண்ட பிணையை வருத்திலர் எனச் சேக்கிழார் பெருமான் அருளியிருத்தலைக் காட்டி, 'நெறியோடு செய்யும் வேட்டை அறமேயாம்' என்கின்றார். சேக்கிழார் ஆண்டுப் பாராட்டியது யாதெனிற் கூறுதும். கொலையே தொழிலாகப் பிறந்து, பதி இன்னது பசு இன்னது என்று கேட்டறியாத மறவரிடத்தும் இத்துணை இரக்கம் இருந்தது என்பதனையே பாராட்டினார். கொல்லாது விட்டதைப் புகழ்ந்த செய்யுளைக் கொன்றதற்குச் சான்றாக்குதல் என்ன முறைமை? அந்த வேடர் நெறியையே அளவுகோலாகக் கொள்ளினும் அன்பர் வழக்கு நில்லாது. ஆணோ பெண்ணோ என்று துணிதற்கரிய விலங்கைச் சேய்மையினின்று சுடுவார், பிணையை விலக்கினோம் என்று எங்ஙனம் உறுதி கூறுவர்?

நாயனார் காளத்தியப்பரைக் கண்ட பின்னர் வேட்டை விளையாட்டை விரும்பினாரல்லர். உடன் வந்த நாணனும் காடனும் அழைத்தும், தந்தை நாகன் நேரில் வந்தும் மீண்டாரல்லர். அதன்பின் அவர் வில்லெடுத்தது இறைவனுக்கு அமுதின்றே என்னும் பதைப்பினால். சிவகோசரியார்க்குக் கனவில் இறைவன் புலப்படுத்தியதும் ஊனின் சுவையன்று, அன்பின் உருவமே. நாயனார் செயலையெல்லாம் நாமும் செய்யலாம் என்பார், வாயிற் கொணர்ந்த நீரால் திருமஞ்சனம் ஆட்டுவரோ? செருப்படியைத் திருமேனிமேல் ஊன்றுவரோ? கண்ணை இடந்து அப்புவரோ? இவையொன்றும் செய்யாது, ஆறு நாளைச் சரிதத்துள் ஊனை மட்டும் பொறுக்கியெடுத்தல் நாயனார் வழி நிற்றலாகாது. சண்டேசுரர் தந்தையின் தாளைத் தடிந்தாரென்று யாரேனும் மழுவெடுப்பின் அன்பர் உடன்படாரன்றோ?

இறைவன் வேட்டுவனாய்ப் பார்த்தன்முன் வந்து பன்றியை எய்தான் என்பதும் அவர் கூற்று. சங்காரம் ஐந்தொழிலுள் ஒன்று. உயிர்களை இளைப்பாற்றும் அருட்செயல். அது முதல்வனுக்கே உரியது. பசுவாகிய நாம் அதனை மேற்கொள்ளுதல் கன்று தாயின் மடியைத் தனதென்றதனினும் நகைக்கத்தக்கது.

'அவ்விலங்கு தன் வினையால் மடிகின்றது, யான் கருவியே' என்பது அடுத்த தடை. அற்றேல், கொலைஞர் யாவரும் இவ்வாறே கூறித் தப்புவர். பிராரத்தம் நுகர்வோர்க்குரியது; கொல்லக் கருதிய கருத்தால் விளையும் ஆகாமியம் கொன்றவர்க்கே ஏறும். அவ்வுயிர்க்கு அவ்வுடல் மாயையினின்றும் இறைவன் கூட்டிய விளக்கு. அதனை ஊதி அணைக்க நமக்கு உரிமை தந்தவர் யார்? அநுமதிச்சீட்டைத் தந்தது அரசாங்கம். அஃது அரசாங்கத்தின் தண்டனையினின்று காக்கும், அவ்வளவே.

அச்சீட்டின் பொருளில் ஒரு பகுதி விலங்குகளைக் காத்தற்குப் பயன்படுகின்றது என்பதை மறுத்தற்கில்லை. காக்கப் பொருளீதற்குக் கொல்லுதலும் வேண்டுமோ? நம் நாட்டு வரையாட்டின் வரலாற்றை நோக்குக. நீலமலையில் ஆங்கிலேயர் அதனைப் பொழுதுபோக்காய்ச் சுட்டுச் சுட்டுக் குறைத்தனர். 1879இல் அவர்களே வேட்டைக்கு வரம்பு கட்டும் சட்டம் செய்யும்படி ஆயிற்று. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வேட்டையை அறவே தடுத்தது. 2022இல் தமிழ்நாட்டரசு அதனைக் காக்கத் தனித் திட்டம் வகுத்தது. 2025இன் கணக்கெடுப்பில் இம்மாநிலத்துக் காணப்பட்டவை 1,303. சுடுவாரிடம் பெற்ற பொருளால் அன்று, சுடாமையாலேயே அவை எஞ்சின.

அவ்வட பசிபிக் கரையின் பழங்குடிகள் இவ்வாட்டின் ஊனுண்டும், அதன் மயிரை மரப்பட்டை நாரோடு முறுக்கிச் சில்கட் என்னும் போர்வை நெய்தும் வாழ்ந்தனர். அவரை நாம் இகழ்வோமல்லோம். பனிநாட்டில் வேறு வழியின்றி வாழ்ந்தார் நிலை வேறு. அரிசியும் பருப்பும் கடையில் வாங்கி உண்டு, விடுமுறையிற் கொல்லப் புறப்படுவார் நிலை வேறு. அன்பர் முன்னையோரைத் தமக்கு நிழலாகக் கொள்ளற்க.

கடைசியாக, கொன்ற ஆட்டின் தோலைப் பூசைக்கு ஆசனமாக இடலாமோ என்றும் வினவியுள்ளார். இடலாகாது. மரப்பலகை அந்நாட்டில் எளிதிற் கிடைக்கும். அதன்மேல் வெண்டுகில் விரித்து வடக்கு நோக்கி அமர்ந்து ஐந்தெழுத்தை எண்ணுக.