வயல் வரம்பில் தொடங்கட்டும் புள்ளிவிபரவியல்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் பக்கம் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்க விரும்புவோருக்கு இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம். மற்றது, 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். முகாமைத்துவமோ சமூக விஞ்ஞானமோ, எதை எடுத்தாலும் வழியில் புள்ளிவிபரவியல் வந்து நிற்கும்.

வரலாற்றைத் தனியே இருந்து வாசித்து விளங்கிக்கொள்ளலாம். புள்ளிவிபரவியலைச் செய்துதான் கற்க வேண்டும். செய்தது பிழையென்றால் சொல்ல ஆள் வேண்டும். 36 வயல்களின் விளைச்சலில் நியம விலகல் ஏக்கருக்கு 6 மூடை என்று வைப்போம். சராசரியின் நியம வழு காண, அந்த விலகலை 36இன் வர்க்கமூலமான 6ஆல் வகுத்தால் 1 மூடை வரும். மாணவர் மறந்துபோய் 36ஆலேயே வகுத்தால், ஆறில் ஒரு மூடைதான் வரும். விடை அழகாகவே இருக்கும். பிழை கண்ணுக்குத் தெரியாது. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் கைப்பேசிக்கு வந்தன. ஆனால், விரிவுரையைக் கேட்பதால் மட்டும் இந்தப் பிழை திருந்தாது.

ஆகவே இத்தகைய பட்டங்களுக்கான தொலைக்கல்வியின் மையம் ஒப்படையாக இருக்க வேண்டும். அதற்கான தரவு நம் வயலிலேயே கிடக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் எழுமாற்றாக வயல்களைத் தெரிந்து, அவற்றில் சிறு துண்டை அறுத்து நிறுத்துத்தான் நெல் விளைச்சலை மதிப்பிடுகிறது. மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் பத்து விவசாயிகளிடம் பெரும்போக விளைச்சலைக் கேட்டு வரட்டும். தெரிந்தவர்களின் பத்து வயல் எழுமாற்று மாதிரி ஆகாதே என்பார்கள். உண்மைதான். ஏன் ஆகாது என்று மாணவர் எழுத வேண்டும். மாதிரியெடுப்பின் முதல் பாடமே அதுதான். தரவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் ஒருவரின் விடையை இன்னொருவர் பார்த்து எழுதவும் வழியில்லை. மெய்யான தரவைக் கொண்டு கற்பிக்குமாறு அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2005இலும் 2016இலும் வெளியிட்ட வழிகாட்டிகளும் வலியுறுத்துகின்றன.

இதற்குப் பெரிய செலவில்லை. படிமுறைகளை விளக்கும் தமிழ்க் கைந்நூல் வேண்டும். ஒப்படை ஒரு வாரத்துக்குள் திருத்தப்பட்டுக் கைக்கு வர வேண்டும். இரு வாரத்துக்கு ஒருமுறை ஊருக்கு அண்மையில் விரிவுரையாளரைச் சந்திக்க வாய்ப்பு வேண்டும். கட்டணம் வாங்கிப் பதிவு செய்யும் நிறுவனம் இந்த மூன்றையும் எழுத்தில் உறுதியளிக்க வேண்டும். அந்த உறுதியில்லாமல் பாடக்குறிப்பை மட்டும் அனுப்புவது கற்பித்தல் ஆகாது.