மாலை கழற்றிய மறுநாள்

காவிரியின் மேற்குக் கரையில் ஈரோடு. கிழக்குக் கரையில் விசைத்தறியின் ஓசை ஓயாத பள்ளிபாளையம். அருகே திருச்செங்கோட்டு மலைமேல் அர்த்தநாரீசுவரர் எழுந்தருளியிருக்கிறார். மகன் குடியை விடவேண்டும் என்று அம்மலையேறி வேண்டிக்கொள்ளும் தாய்மார் உண்டு. ஐயப்பனுக்கு மாலையிட்டாலாவது திருந்துவான் என்று எதிர்பார்க்கும் தந்தையரும் உண்டு. விரத நாள்களில் மகன் மதுவைத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய மறுநாளோ பழைய வழிக்கே திரும்பிவிடுகிறான். "சாமிக்கே அடங்காதவன் மனிதர் சொல்லியா கேட்பான்?" என்று பெரியோர் மனம் சோர்கின்றனர்.

மெய்யன்பர்களே, அந்த விரதம் தோற்கவில்லை. அவனால் குடியாமல் இருக்க இயலும் என்பதை அது காட்டிவிட்டது. விடியற்காலை நீராடல், இருவேளை வழிபாடு, குருசாமியின் கண்காணிப்பு, உடன் விரதமிருப்போரின் துணை, எல்லோரும் "சாமி" என்றழைக்கும் மரியாதை ஆகியவை அவனைத் தாங்கி நின்றன. மாலையோடு அவையும் விலகியபோது அவன் தனியனானான். கேட்டு வழிகாட்டும் ஒருவர், ஒத்த துன்பமுடைய தோழர், நாளுக்கு ஓர் ஒழுங்கு ஆகிய இவற்றை மண்டலக் கணக்கின்றித் தொடர்ந்து தருவதே மனநல ஆலோசனை.

குடிக்கு அடிமையாதலை உலக நலவாழ்வு நிறுவனம் நோயாகவே வகுத்துள்ளது. எனவே முதலில் மருத்துவரை நாடுதல் வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், இரண்டு மூன்று நாள்களில் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மாலையிடும் முன்பும் இதனை மறவாதீர்கள். உடல் தேறிய பின்னரே ஆலோசனையின் முழுப்பயன் கிட்டும்.

மதுவிலக்குக்கும் இம்மண்ணுக்கும் பழந்தொடர்பு உண்டு. இராஜாஜி சென்னை மாகாண முதல்வராக இருந்தபோது, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது, இப்பகுதியை அந்நாளில் உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்தில்தான். சட்டத்தால் கடையை மூடலாம். நோயுற்றவரைத் தேற்ற மருந்தும் பரிவும் வேண்டும். குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அவ்வழியைத் தேர்ந்தார். கணவர் குடும்பத்தாரின் துணையோடு 1980இல் சென்னையில் அவர் தொடங்கிய பணியே இன்று இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனையாக விளங்குகிறது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அங்கே நோயாளிக்கு மட்டுமன்றி அவர் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தரப்படுகிறது.

இல்லத்துப் பெரியோர் செய்யத்தக்கவை சில உள. தறிப்பட்டறையில் அவன் வாங்கிய முன்பணத்தை நீங்கள் அடைத்துவிட்டு, அவன் குடியை ஊரறியாமல் மறைக்காதீர்கள். அது நோயை வளர்க்கும். போதையில் இருப்பவனிடம் சத்தியம் வாங்காதீர்கள். தெளிந்திருக்கும் காலை நேரத்தில் அமைதியாகப் பேசுங்கள். மருமகள்மேல் பழி சுமத்தாதீர்கள். அவன் வர மறுத்தால் முதலில் நீங்கள் சென்று ஆலோசனை பெறுங்கள், வழி தெரியும். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவை அணுகலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446; கட்டணம் இல்லை. ஒருமுறை வழுக்கி மீண்டும் குடித்துவிட்டாலும் எல்லாம் வீண் என்று கைவிடாதீர்கள். மீண்டும் அழைத்துச் செல்லுங்கள்.

திருச்செங்கோட்டு மூலவரின் திருமேனி சித்தர்களால் மூலிகை மருந்துகள் கொண்டு ஆக்கப்பட்டது என்பது ஐதிகம். அவர் திருவடித் தீர்த்தத்தை அடியார்கள் பிணிதீர்க்கும் மருந்தென்றே பருகுகின்றனர். மருந்தும் தெய்வமும் வேறல்ல என்று வழிபட்டுவந்த நமக்கு, மருத்துவரின் வாயிலை மிதிப்பதில் என்ன தயக்கம்? வேண்டுதலை விடவேண்டா, வேண்டிக்கொண்டு இறங்கிய கையோடு மகனை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்கும் செல்லுங்கள். அம்மையப்பன் அங்கும் துணை நிற்பார்.