வழிச்செலவுக் காசு யாருடைய கையில்?



எங்கள் ஊர்களில் இந்தியா போய்வரும் கதை இப்போது அடிக்கடி கேட்கிறது. சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நாகூருக்கும் நேர்த்தி வைத்தவர்கள் போகிறார்கள். யுத்த காலத்தில் படகேறிப் போய் அங்கேயே தங்கிவிட்ட உறவுகளைப் பார்க்கவும் பலர் போகிறார்கள். பலாலியிலிருந்து சென்னைக்கான விமானசேவை 2022 டிசெம்பரில் மீண்டும் தொடங்கியது. காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையிலான கப்பல் 2023 ஒக்ரோபரில் ஓடத் தொடங்கியது. இடையில் நின்று, 2024 ஓகஸ்ட்டில் திரும்பவும் தொடங்கியது.

சென்ற மாதம் ஒரு சகோதரி என்னிடம் வந்தார். கணவரை இழந்தவர். கோழி வளர்த்தும் சீட்டுப் பிடித்தும் இரண்டு வருடமாகக் காசு சேர்த்திருக்கிறார். இருபது வருடம் காணாத தம்பியைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போகப் போகிறார். “அக்கா, இந்தக் காசை எப்படிக் கொண்டுபோறது? கூட வாற மச்சான் எல்லாத்தையும் தன்னட்டைத் தரச் சொல்லுறார். குடுக்கலாமோ?” என்று கேட்டார். அவருக்குச் சொன்னதையே இந்த மாதம் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் இடம்பெயர்ந்த நாட்களை நினைத்துப் பாருங்கள். காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் ஒரு பொலித்தீன் பைக்குள் இருந்தன. காசில் ஒரு பங்கை உடுப்போடு சேர்த்துத் தைத்தோம். இன்னொரு பங்கை மூத்த பிள்ளையிடம் கொடுத்தோம். ஒரு பை தவறினாலும் மற்றது கையில் இருக்கட்டும் என்று யாரும் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. துன்பம் படிப்பித்தது. சந்தோசமான பயணத்துக்கும் அதே பாடம்தான். காசு முழுவதும் ஒரே இடத்திலும் இருக்கக்கூடாது, ஒரே ஆளிடமும் இருக்கக்கூடாது.

இனி எந்த வடிவத்தில் கொண்டுபோவது என்று பார்ப்போம்.

இலங்கை ரூபாவை அங்கே மாற்றலாம் என்று நம்பிப் போகாதீர்கள். மாற்றித் தரும் இடங்கள் குறைவு. தந்தாலும் விலை மோசம். திரும்பி வந்து வீடுபோய்ச் சேரத் தேவையான பஸ் காசை மட்டும் வைத்திருங்கள்.

பலருக்கும் வசதியானது அமெரிக்க டொலர். வங்கியிலோ மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நாணயமாற்று நிலையத்திலோ வாங்குங்கள். கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு ஆகியவற்றைக் கொண்டு போங்கள். பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்குங்கள். கிழிந்த தாள், பேனாவால் எழுதிய தாள் இருந்தால் அந்த இடத்திலேயே மாற்றிக் கேளுங்கள். அங்கே போனபின் அதை யாரும் எடுக்கமாட்டார்கள். நூறு டொலர்த் தாளோடு ஐம்பது, இருபது டொலர்த் தாள்களும் இருந்தால், தேவைக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றலாம்.

இந்திய ரூபாவை இங்கிருந்தே கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தியச் சட்டப்படி எங்களைப் போன்ற வெளிநாட்டார் ஒருவருக்கு 25,000 இந்திய ரூபா வரை கொண்டுபோகலாம். ஆனால் விமான நிலையம் வழியாகப் போகிறவர்களுக்கே அந்த அனுமதி. ஆகவே கப்பலில் போகும் சகோதரிகள் டொலராகக் கொண்டுபோய் அங்கே மாற்றுவதுதான் பாதுகாப்பு.

பழைய இந்தியத் தாள்கள் பற்றியும் ஒரு வார்த்தை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா 2014இல் போய்வந்தபோது மிஞ்சிய எட்டாயிரம் ரூபாவை அலுமாரிக்குள் சீலை மடிப்பில் வைத்திருந்தார். எல்லாம் ஐந்நூறும் ஆயிரமும். 2018இல் திரும்பவும் போனபோது சந்தோசமாக எடுத்துக்கொண்டு போனார். துணிக்கடையில் நீட்டியபோதுதான், 2016 நவம்பர் 8ஆம் திகதி அந்தத் தாள்கள் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரிய வந்தது. எட்டாயிரமும் வெறும் கடதாசி. இப்போது புழக்கத்தில் உள்ள ஐந்நூறு ரூபாத் தாள் புதியது. நிறமும் அளவும் வேறு. இரண்டாயிரம் ரூபாத் தாளையும் 2023 மே மாதத்தில் புழக்கத்திலிருந்து எடுப்பதாக அறிவித்தார்கள். யாராவது அன்பளிப்பாகத் தந்தாலும் அதை நம்பிப் பயணம் போகாதீர்கள். மிஞ்சுகிற காசைத் திரும்பும்போதே மாற்றிவிடுவது புத்தி.

அங்கே மாற்றும்போது இரண்டு மூன்று இடங்களில் விலை கேளுங்கள். உதாரணத்துக்கு, ஓரிடத்தில் டொலருக்கு 84 ரூபா, இன்னோரிடத்தில் 81 ரூபா 50 பைசா என்று வைப்போம். இருநூறு டொலர் மாற்றினால் ஐந்நூறு ரூபா வித்தியாசம். அது ஒரு நல்ல நூல் சீலையின் விலை. விமான நிலையத்தில் பயணச் செலவுக்கு அளவாக மட்டும் மாற்றிவிட்டு, மிச்சத்தை நகரத்தில் மாற்றுங்கள். அங்கு தரும் பற்றுச்சீட்டும் முக்கியம். மிஞ்சிய ரூபாவைத் திரும்ப டொலராக்கும்போது அதைக் கேட்பார்கள்.

வங்கி அட்டை வைத்திருப்பவர்கள் புறப்படுவதற்கு ஒரு கிழமைக்கு முன் வங்கிக்குப் போய், இது இந்தியாவில் வேலை செய்யுமா என்று கேளுங்கள். பல அட்டைகளில் வெளிநாட்டுப் பாவனையை அவர்கள்தான் திறந்துவிட வேண்டும். ஒரு தரம் காசெடுத்தால் எவ்வளவு கழிப்பார்கள் என்றும் கேளுங்கள். ஒவ்வொரு தரமும் கழிப்பதால் சிறுகச் சிறுக எடுப்பது நட்டம். இயந்திரம் “உங்கள் நாட்டுக் காசில் கணக்கிடவா?” என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்தி, இந்திய ரூபாவிலேயே எடுங்கள், பெரும்பாலும் அதுதான் மலிவு. இரகசிய இலக்கத்தை அட்டையோடு சேர்த்து எழுதி வைக்காதீர்கள். அட்டையை மட்டும் நம்பியும் போகாதீர்கள்.

முன்பு பயணக் காசோலை என்று ஒன்று இருந்தது. இன்று அதை மாற்றித் தருவோர் அரிது. அங்கே தேநீர்க் கடையிலும் தொலைபேசியால் காசு கட்டுகிறார்கள். அதற்குப் பொதுவாக அந்நாட்டு வங்கிக் கணக்கு வேண்டும் என்பதால், எங்களுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் கைகொடுக்கும்.

“நீங்கள் இங்கே தாருங்கள், அங்கே எங்கள் ஆள் தருவார்” என்று உண்டியல்காரர் சொல்லக்கூடும். அது சட்டத்துக்குப் புறம்பானது. பற்றுச்சீட்டும் இல்லை; ஏமாந்தால் முறையிடவும் இடமில்லை. அதுபோலவே, அறியாதவர் தரும் காசையோ பொதியையோ “ஒருக்கால் கொண்டுபோய்க் குடுங்கோ” என்றால் இரக்கப்பட்டும் வாங்காதீர்கள்.

பயணத்தின்போது காசை மூன்றாகப் பிரியுங்கள். அன்றைய செலவு சின்னப் பேர்ஸில் இருக்கட்டும். பெரிய பங்கைத் துணிப்பையில் வைத்து உடுப்புக்கு உள்ளே, உடம்போடு வைத்திருங்கள். மூன்றாவது பங்கு, சிறிதானாலும், வேறு பையில் தொடாத காசாக இருக்கட்டும். கோயில் சனநெரிசலில் சின்னப் பேர்ஸ் போனாலும் நீங்கள் வீடுவந்து சேரலாம். கடவுச்சீட்டின் பிரதியையும், வங்கியினதும் சென்னையில் உள்ள எங்கள் நாட்டுத் துணை உயர்ஸ்தானிகராலயத்தினதும் தொலைபேசி இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதித் தனியாக வையுங்கள்.

இனி மச்சானின் கதைக்கு வருவோம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனிதருடைய பையும் களவு போகலாம். நல்ல மனிதரும் கூட்டத்தில் வழிதவறலாம். அப்போது உங்கள் கையில் ஒரு பஸ் காசும் இருக்காது. இன்னொன்றும் உண்டு. தம்பியின் பிள்ளைக்கு ஒரு சட்டை வாங்க ஆசைப்பட்டால், உங்கள் காசை நீங்களே கேட்டு வாங்கவேண்டி வரும். ஆகவே மரியாதையாகச் சொல்லுங்கள்: “மச்சான், சாப்பாட்டுக்கும் வாகனத்துக்கும் என்ரை பங்கை இப்பவே தாறன். மிச்சம் என்னட்டை இருக்கட்டும்.” கொடுத்ததை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கணக்கு எழுதுவது சந்தேகப்படுவது அல்ல. உறவு கெடாமல் இருக்கத்தான்.

கடைசியாக ஒன்று. நுண்கடன் எடுத்தோ தாலிக்கொடியை அடகு வைத்தோ சீலை வாங்கப் போகாதீர்கள். பயணம் பத்து நாளில் முடிந்துவிடும். கிழமைக் கட்டுக்காசு முடியாது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று எங்கள் பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

அந்தச் சகோதரி போய்வந்துவிட்டார். துணிப்பையைத் தன் கையாலேயே தைத்தாராம். தம்பியைக் கண்டதையும் இருவரும் அழுததையும் சொன்னார். பிறகு கொப்பியைத் திறந்து கணக்கைக் காட்டினார். தொடாத காசு, தொடாமலே திரும்பி வந்திருந்தது. அதற்கு ஐந்து கோழிக்குஞ்சு வாங்கியிருக்கிறார்.