மதிய மின்சாரமும் எமது கிணறுகளும்

2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடு பொருத்தியிருந்தவர்களைப் பகல் வேளையில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. மண்ணெண்ணெயை எண்ணி எண்ணி ஊற்றும் எமக்கு இது விளங்கவில்லை. கொளுத்தும் வெயிலில் கிடைக்கும் மின்சாரம் எப்படி வேண்டாததாகும்?

காரணம் இதுதான். மின்வலையமைப்பில் உற்பத்தியும் பாவனையும் எந்தக் கணமும் சமமாக இருக்க வேண்டும். அனல், நீர் மின் நிலையங்களின் பாரமான சுழலிகள், திடீர்த் தடங்கல் வந்தாலும் சிறிது நேரம் தாக்குப்பிடிக்கும். சூரியத் தகடுகளுக்கு அந்தப் பாரம் இல்லை. விடுமுறையில் தொழிற்சாலைகள் மூடப்படும், பாவனை விழும், வெயில் மட்டும் குறையாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டது. எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு குரங்கைத் தாங்காத வலையமைப்பை வைத்துக்கொண்டுதான் 2030இல் 70 வீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களிலிருந்து பெறுவதாக இலக்கு வைத்திருக்கிறார்கள்.

மதிய மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்கப் பெரிய மின்கலங்கள் வேண்டும் என்கிறார்கள். வேண்டியதுதான். அவற்றுக்குப் பெரும் பணமும் வேண்டும். அதுவரை, அந்த மின்சாரத்தை எமது கிணறுகளுக்குத் தரலாமே என்பது எமது கருத்து.

2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. இடம்பெயர்ந்து, பின் காணிக்குத் திரும்பி வெங்காயமும் மிளகாயும் வைத்தவர்கள் இறைப்புச் செலவிலேயே தளர்ந்தார்கள். தோட்டக் கிணற்றடிவரை மின்கம்பி இருந்தால் மின்மோட்டர் போடலாம். மதியத்தில் பயிருக்கு நீர் பாய்ச்சுவது நல்லதல்ல என்பது எமக்குத் தெரியும். மதியம் தொட்டியில் ஏற்றி, வெயில் தாழ்ந்தபின் பாய்ச்சலாம். அப்படிப் பார்த்தால் மின்சாரத்தைச் சேமிக்கும் கலம் எமது தொட்டிதான்.

ஒரு பயமும் உண்டு. மலிவு மின்சாரம் என்று அளவின்றி இறைத்தால், யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் உவர் ஏறிவிடும். உவரேறிய கிணற்றை நன்னீராக்குவது எளிதல்ல. ஆகவே இறைப்புக்கு அளவு வைப்பதை நாமே எமது சங்கங்களில் பேசித் தீர்மானிக்க வேண்டும்.

காற்றாடிகளுக்காக மன்னாரில் உயர்அழுத்தக் கம்பி இழுக்க முடிந்தவர்களால் மீள்குடியேறிய தோட்டங்களுக்குச் சிறு கம்பி இழுக்கவும் முடியும். அதனுடன் பகலுக்கென்று குறைந்த கட்டணமும், தொட்டி கட்டச் சிறுகடனும் கேட்கிறோம். இன்னும் காணி விடுபடாமல் காத்திருக்கும் குடும்பங்களின் கிணறுகளும் இந்தத் திட்டத்தில் இப்போதே எண்ணப்பட வேண்டும்.